கை போனதா, பந்து வந்ததா?

ஸ்டுட்கார்ட் நகரில் 2024 ஜூலை 5-ஆம் தேதி ஐரோப்பியக் கோப்பையின் கால் இறுதி ஆட்டம். ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1 என்று சமநிலையில் கூடுதல் நேரம் ஆடிக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் ஜமால் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து, பெனால்டி ஏரியாவுக்குள் நின்ற ஸ்பெயின் தடுப்பாட்டக்காரர் மார்க் குக்குரேயாவின் இடது கையில் பட்டது. மைதானமே எழுந்து கத்தியது. ஆங்கில நடுவர் ஆந்தனி டெய்லர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். வீடியோ அறையில் இருந்தவர்களும் தலையிடவில்லை. 119-ஆவது நிமிடத்தில் மிகேல் மெரினோ தலையால் முட்டிய கோலில் ஸ்பெயின் ஜெயித்தது. போட்டியை நடத்திய நாடு வெளியேறியது. அந்தக் கைக்குப் பெனால்டி கொடுத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் குழுவே தன் ஆய்வறிக்கையில் ஒப்புக்கொண்டதாக செப்டம்பரில் செய்தி வந்தது. அதற்குள் ஸ்பெயின் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஜெர்மானியர்களுக்காக ரொம்பவும் பரிதாபப்படுவதற்கில்லை. அதற்கு ஆறு நாள் முன்பு டார்ட்மண்ட் நகரில் இதே விஷயம் அவர்களுக்குச் சாதகமாக நடந்தது. மிக அருகிலிருந்து ஜெர்மனியின் டேவிட் ராவும் அடித்த கிராஸ், டென்மார்க்கின் யோவாக்கிம் ஆண்டர்சன் கையில் உரசிக்கொண்டு போனது. மைதானத்தில் அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பந்துக்குள் இருந்த சென்சார் கவனித்துவிட்டது. விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் அது. கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழக்கமான ஸ்னிக்கோமீட்டர் போல டி.வி. திரையில் ஒரு கோடு துள்ளியது. நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுத்தார். காய் ஹாவெர்ட்ஸ் கோல் அடித்தார். டென்மார்க் 2-0 என்று தோற்று ஊர் திரும்பியது.

ஒரே போட்டி, ஒரே சட்டப் புத்தகம். கோலுக்குப் போகும் பந்தைத் தடுத்த கை குற்றமில்லை. எங்கோ போகும் பந்தை உரசிய கை குற்றம். நடுவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். டெய்லரும் ஆலிவரும் உலகின் முதல் வரிசை நடுவர்கள். கோளாறு அவர்களிடம் இல்லை. சட்டம் தன்னுடைய பழைய கேள்வியைக் கைவிட்டுவிட்டு, அதைவிட மோசமான ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டதுதான் கோளாறு.

பழைய கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1863-ல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் முதல் விதிகளை எழுதியபோது, உயரே வரும் பந்தைக் கையால் பிடிப்பதற்குக்கூட இடம் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது போயிற்று. 1871-ல் கோல்கீப்பர் என்ற தனிப்பிறவி விதிகளில் நுழைந்தார்; மற்றவர்கள் கைக்கு வேலையில்லை என்று ஆனது. 1891 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதியில், கோலுக்குள் நுழையவிருந்த பந்தை நாட்ஸ் கவுன்டி ஆட்டக்காரர் ஒருவர் கையால் தட்டிவிட்டார். எதிரணியான ஸ்டோக்குக்குக் கோல் கோட்டை ஒட்டி ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்துக்கு முன்னால் கோல்கீப்பர் சுவர் மாதிரி நின்றுகொண்டார். கோல் இல்லை. ஸ்டோக் தோற்றது. அயர்லாந்தின் வில்லியம் மெக்ரம் என்ற கோல்கீப்பர் யோசனை சொல்லியிருந்த பெனால்டி கிக்கை அதே ஆண்டு ஜூனில் சட்ட வாரியம் ஏற்றுக்கொண்டது. கனவான்கள் ஏமாற்றுவார்கள் என்று சட்டம் நினைப்பதே அவமானம் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்கள் கோபத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. பெனால்டி என்பது ஏமாற்றுக்காரனுக்கான தண்டனையாகத்தான் பிறந்தது. 1891-ன் விதியும் 'டெலிபரேட்' ஆகக் கையாள்வதைத்தான் தண்டித்தது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் மூலத்தைவிட நல்ல சொல் இருக்கிறது: 'வேண்டுமென்றே'. மொழிபெயர்ப்பாளனுக்கு இப்படி அபூர்வமாகத்தான் அதிர்ஷ்டம் அடிக்கும். 'வேண்டும்' என்ற விருப்பம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அவன் வேண்டும் என்று நினைத்தானா என்பதுதான் நடுவர் விசாரிக்க வேண்டிய ஒரே விஷயம். ஆட்டக்காரன் மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது என்பதால், சட்டப் புத்தகம் மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தது. கை பந்தைத் தேடிப் போனதா, பந்து கையைத் தேடி வந்ததா? பந்து எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, விலகிக்கொள்ள நேரம் இருந்ததா? கை எந்த நிலையில் இருந்தது என்பதை வைத்து மட்டும் குற்றம் என்று முடிவு கட்டக் கூடாது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு நொடியில் எடை போடுவதற்குப் பெயர்தான் நடுவர் வேலை.

கை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மரடோனா. 1986 ஜூன் 22 அன்று மெக்ஸிகோ நகரின் அஸ்டெக்கா மைதானத்தில், இங்கிலாந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனைவிட உயரத்தில் குட்டையானவர், துள்ளி எழும்பிக் கையால் தட்டிய கோல். துனிசிய நடுவர் அலி பென்னாசர் பல்கேரிய லைன்ஸ்மேன் போக்டான் டோச்செவைப் பார்த்தார். கொடி உயரவில்லை. கோல் என்று அறிவித்தார். பிற்காலத்தில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் பழி போட்டார்கள். அடுத்தது, 2009 நவம்பர் 18 பாரிஸில் தியரி ஆன்ரி. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பந்தைக் கையால் அணைத்து, காலால் தள்ளிவிட, வில்லியம் காலாஸ் கோலடித்தார். அயர்லாந்து வெளியேறியது. வழக்குப் போடாமல் இருப்பதற்காக அயர்லாந்து சங்கத்துக்கு 50 லட்சம் யூரோ கொடுத்ததாக ஃபிஃபா 2015-ல் ஒப்புக்கொண்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை இவை இரண்டும் மிகச் சுலபமான வழக்குகள். இவை 'வேண்டுமென்றே'தானா என்று யாரும் விவாதித்ததில்லை. நடுவரின் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குப் படாததைக் காட்டக் காமிரா போதும்.

2010 ஜூலை 2, ஜோஹன்னஸ்பர்க். இதில் கண்ணுக்கும் குறையில்லை, சட்டத்துக்கும் குறையில்லை. உருகுவேக்கு எதிரான உலகக் கோப்பைக் கால் இறுதியின் கூடுதல் நேரக் கடைசி நிமிடத்தில், கானாவின் டொமினிக் அடியியா முட்டிய பந்தைக் கோல் கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரஸ் இரண்டு கைகளாலும் தடுத்தார். நடுவர் சிவப்பு அட்டை காட்டினார், பெனால்டி கொடுத்தார். சட்டத்தில் இருந்த தண்டனை முழுவதையும் கொடுத்தாயிற்று. அசமோவா ஜியான் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுப் போனது. பிறகு நடந்த பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2 என்று உருகுவே ஜெயித்தது. அரை இறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெருமைக்காக அந்தக் கண்டம் 2022-ல் மொராக்கோ வரும்வரை இன்னும் 12 ஆண்டு காத்திருந்தது. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குப் பெனால்டியே போதாது என்று வாதாட சுவாரஸின் கை நல்ல சாட்சி. ஆனால் சட்டம் திருத்தப்பட்டபோது சுவாரஸ்கள்மீது பாரம் கூடவில்லை. தெரியாமல் கை பட்டவர்கள்மீதுதான் கூடியது.

அதற்குக் காரணம் வீடியோ. வி.ஏ.ஆர். எனப்படும் வீடியோ உதவி நடுவர் முறை முதன்முதலாக வந்த உலகக் கோப்பை 2018. ஜூலை 15 அன்று மாஸ்கோவில் இறுதி ஆட்டம். பிரான்ஸும் குரோஷியாவும் 1-1. ஒரு கார்னர் கிக். பிரான்ஸின் மட்டுயிடி தலையால் முட்டக் குதித்துத் தவறவிட்ட பந்து, அவருக்குப் பின்னால் நின்ற இவான் பெரிசிச்சின் கையில் பட்டது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிட்டானா மைதான ஓரத்துத் திரையில் போய்ப் பார்த்தார். திரும்பினார். மனசு ஒப்பாமல் மறுபடி போய்ப் பார்த்தார். பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மான் கோல் அடித்தார். பிரான்ஸ் 4-2 என்று கோப்பையை வென்றது.

அந்த இரண்டாவது பார்வையில் பிட்டானா எதைத் தேடினார்? கையில் பட்டதை முதல் தடவையே பார்த்துவிட்டார். பெரிசிச் வேண்டுமென்று செய்தாரா என்பது எத்தனை முறை போட்டாலும் திரையில் வராது. அதைவிட மோசம், மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இல்லாத நோக்கமும் இருப்பதுபோல் தெரியும். ஸ்லோ மோஷனில் பார்ப்பவர்கள் ஒரு செயலை வேண்டுமென்றே செய்ததாக நம்பும் வாய்ப்பு அதிகம் என்று, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. கால் விநாடியில் நடந்ததை நாலு விநாடியாக இழுத்தால், அவனுக்கு யோசிக்க நாலு விநாடி இருந்ததுபோல் நமக்குப் படுகிறது. இது வி.ஏ.ஆர். விதிகளை எழுதியவர்களுக்கும் தெரியும். பந்து எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் ஸ்லோ மோஷன், அது குற்றமா என்று தீர்மானிக்க இயல்பான வேகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் டி.வி. பார்க்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அவர்கள் கூச்சல்தான் நடுவர் காதில் விழுகிறது.

காமிராவால் மனசைப் படமெடுக்க முடியாது. உடம்பை எடுக்க முடியும். எனவே சட்டம் மனசை விட்டு உடம்புக்கு மாறியது. 2019 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கூடிய சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் கைச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. 'வேண்டுமென்றே' என்ற சொல் போய்விடவில்லை. ஆனால் அதன் பக்கத்தில், கை உடம்பை 'இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினால்' குற்றம் என்று வந்தது. தாக்கும் அணியின் கையில் தற்செயலாகப் பட்டாலும் அதிலிருந்து வரும் கோல் செல்லாது என்றும் வந்தது. சட்டம் ஜூன் மாதம்தான் அமலுக்கு வந்தது. நடுவர்களின் பார்வை அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. வாரியம் கூடிய அதே வாரத்தில், பாரிஸில் மான்செஸ்டர் யுனைடெட்டின் டாலோ அடித்த பந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு குதித்த கிம்பெம்பேயின் கையில் பட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டி. பாரிஸ் அணி சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேறியது. முதுகுக்குப் பின்னால் வரும் பந்தை ஒருவர் எப்படி வேண்டுமென்று தடுப்பார் என்பதெல்லாம் பழைய கேள்வி.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் டாட்டன்ஹாமின் எரிக் டயருக்கும் இதே கதி. முதுகைக் காட்டியபடி எழும்பியவரின் கையில், பின்னாலிருந்து எதிரணியினர் தலையால் முட்டிய பந்து பட்டது. 97-ஆவது நிமிடப் பெனால்டியில் நியூகாசில் சமன் செய்தது. அந்தப் பெனால்டியால் லாபமடைந்த நியூகாசில் பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸே, இது ஒரு சட்டமா என்று கேட்டார். 2021 மார்ச் 4 அன்று ஃபுல்ஹாம் அணியின் லெமினா கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். எதிரணி ஆட்டக்காரர் பலமாக உதைத்த பந்து அந்தக் கையில் பட்டுத் தெறித்தது. அடுத்து நின்ற மஜா கோல் அடித்தார். செல்லாது என்றார்கள். ஃபுல்ஹாம் 0-1 என்று தோற்றது. மறுநாள் கூடிய வாரியம், சக ஆட்டக்காரர் கையில் தற்செயலாகப் பட்டால் இனி கோல் செல்லும் என்று விதியை மாற்றியது. ஃபுல்ஹாமுக்கு ஒரு நாள் தாமதமான நியாயம். கோல் போட்டவர் கையிலேயே பட்டால்தான் இப்போது தடை.

மிச்சம் இருப்பது அந்த 'இயல்புக்கு மாறாக'. இதற்கு முன்னால் மொழிபெயர்ப்பாளனின் அதிர்ஷ்டம் கைகொடுக்காது. 'இயற்கைக்கு மாறாக' என்று போட்டால் போலீஸ் ஸ்டேஷனில் மரணத்தைப் பதிவு செய்வதுபோல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அது அவ்வளவு தெளிவான சொல் அல்ல. அந்தக் குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில் ஆட்டக்காரரின் உடல் அசைவு நியாயப்படுத்த முடியாத நிலையில் கை இருந்தால், அது இயல்புக்கு மாறு என்று சட்டம் விளக்கம் சொல்கிறது. மனிதன் எழும்பிக் குதித்தால் கை உயரும். சறுக்கினால் தரையில் ஊன்றும். திரும்பினால் வீசும். இவையெல்லாம் இயல்பு. எந்த அளவு வீசினால் இயல்பு தாண்டுகிறது என்பதற்கு அளவுகோல் கிடையாது. 2020-ல் தோளுக்கும் கைக்கும் எல்லை எது என்று வாரியம் கோடு போட்டுக் காட்டியது: அக்குளின் அடிமட்டத்துக்கு மேலே தோள், கீழே கை. அந்தக் கோட்டைப் போட முடிந்தது. இயல்புக்கும் இயல்பின்மைக்கும் நடுவில் அப்படி ஒரு கோடு போட இன்றுவரை முடியவில்லை.

இதன் விளைவை எந்தப் பெரிய ஆட்டத்திலும் பார்க்கலாம். பெனால்டி ஏரியாவுக்குள் பந்தை மறிக்கப் போகும் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கையை வீசாமல் ஓடினால் உடம்பு நிலைகொள்ளாது. திரும்பும் வேகம் குறையும். இயல்புக்கு மாறான கையைத் தண்டிக்க வந்த சட்டம், உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை இயல்புக்கு மாறாக ஓடவைத்திருக்கிறது.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு கெட்ட பழக்கம் வளரும். ஹாக்கி பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தடுப்பவர் காலில் பந்து பட்டு அதனால் அவர் அணிக்குப் பயன் கிடைத்தால் பெனால்டி கார்னர்; அவர் வேண்டுமென்று செய்தாரா என்ற விசாரணை வேண்டியதில்லை. ஆகவே கோலைவிட்டுக் காலைக் குறிவைத்து அடிப்பது அங்கே ஒரு கலையாகவே ஆகிவிட்டது. ஹாக்கியில் அது ஆட்டத்தின் ஒரு பகுதி. கார்னரில் கோல் விழுவது நிச்சயமும் அல்ல. கால்பந்தில் கணக்கு வேறு. பெனால்டி கிக்குகளில் ஏறக்குறைய நாலில் மூன்று கோலாகிவிடும். ஒன்றிரண்டு கோலில் முடியும் ஆட்டத்தில் அது பாதி வெற்றி. கோலுக்கு முதுகைக் காட்டி, மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் எதிராளியின் கையில் பந்தை இடித்து அந்தப் பரிசை வாங்க முடியும் என்றால், கோல் அடிக்கக் கற்பதைவிடக் கையில் அடிக்கக் கற்பது லாபம்.

நோக்கத்தைப் பார்க்கவே வேண்டாம் என்பவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. காலைத் தட்டி விழவைத்தால் ஃபவுல்தானே, அங்கே வேண்டுமென்றா தெரியாமலா என்று நடுவர் கேட்பதில்லையே, கவனக்குறைவு போதுமே என்பார்கள். உண்மை. ஆனால் அங்கே விழுந்தவன் ஒருவன் இருக்கிறான். கவனக்குறைவு ஒரு மனிதனை வீழ்த்தியிருக்கிறது. ஒரு கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து கையில் பட்டதில், பட்டவர் எந்தக் கவனத்தைத் தவறவிட்டார்? கை இருப்பது அவர் குற்றமில்லை. வேண்டுமென்று செய்த கொலைக்கும் கவனக்குறைவால் நேர்ந்த மரணத்துக்கும் நம் குற்றவியல் சட்டமே வேறு வேறு தண்டனை வைத்திருக்கிறது.

இந்த வித்தியாசத்தைக் கால்பந்து வாரியமும் பாதி ஒப்புக்கொண்டுவிட்டது. 2024 ஜூலை முதல் புதிய விதி: கோலையோ கோல் வாய்ப்பையோ தடுத்த கை வேண்டுமென்று நீண்டதல்ல என்றால், பெனால்டி கொடுத்தாலும் சிவப்பு அட்டை கிடையாது, மஞ்சள்தான். வேண்டுமென்று செய்திருந்தால் பழையபடி சிவப்பு. அதாவது அட்டை எடுக்கும்போது நடுவர் மனசைப் படிக்கலாம், படிக்க வேண்டும். பெனால்டி கொடுக்கும்போது மட்டும் படிக்கக் கூடாது. ஒரே கை, ஒரே நொடி, ஒரே நடுவர். அட்டைக்கு முடிகிற காரியம் கிக்குக்கு ஏன் முடியாது?

வழி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பெனால்டி ஏரியாவுக்குள்ளும் மறைமுக ஃப்ரீ கிக் கொடுக்கலாம். சக ஆட்டக்காரர் காலால் தள்ளிக் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையில் எடுத்தால் 1992 முதல் அதுதான் தண்டனை. நேராகக் கோலுக்கு அடிக்க முடியாது, இன்னொருவர் தொட வேண்டும். கை விரிந்திருந்தது, ஆனால் வேண்டுமென்று இல்லை என்றால் இது போதும். வேண்டுமென்று நீட்டிய கைக்குப் பெனால்டி, அதற்காகவே அது 1891-ல் வந்தது. இப்படி இருந்தால் ஆண்டர்சனின் உரசல் டென்மார்க்கை வீட்டுக்கு அனுப்பாமல் போயிருக்கலாம். குக்குரேயாவின் கையை ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடவும் வேண்டியிருக்காது. எல்லாம் அல்லது எதுவுமில்லை என்ற நிலையில்தான் நடுவர் நடுங்குகிறார். நடுவில் ஒரு படி இருந்தால் நியாயமாகக் கால் வைப்பார்.

நடுவர் தவறாகப் படித்துவிட்டால்? படிப்பார். டெய்லருக்கு உதவ ஸ்டுட்கார்ட்டில் இல்லாத கருவியா? நம் நாட்டு ஐ.எஸ்.எல். போட்டி 2014-ல் தொடங்கி 2024-25 சீசன் வரை வீடியோ நடுவர் இல்லாமலேயே நடந்தது. மலப்புரம், கோழிக்கோடு பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களில் நடுவருக்கு விசில்தான் துணை. கோல் தப்பாகக் கொடுத்தார் என்று அங்கேயும் சண்டை வருகிறது. ஆனால் அந்தச் சண்டை 'அவன் வேண்டுமென்றே செய்தான், நீ பார்க்கவில்லை' என்ற சண்டை. வாதிக்கிற இரு தரப்புக்கும் எதைப்பற்றி வாதிக்கிறோம் என்று புரிகிறது. ஐரோப்பாவில் கோடி கோடியாகச் செலவழித்துப் பந்துக்குள் சென்சார் வைத்த பிறகு, தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கும் எதற்காக என்று புரியவில்லை.

விதிகளை மாற்றும் வாரியத்தில் மொத்தம் எட்டு ஓட்டு. ஃபிஃபாவுக்கு நாலு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து சங்கங்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஆறு ஓட்டு விழுந்தால் எந்த விதியும் மாறும். ஃபுல்ஹாம் தோற்ற மறுநாளே மாற்ற முடிந்தவர்கள் அவர்கள். 2024-ல் அட்டைக்குச் செய்த திருத்தத்தைக் கிக்குக்கும் நீட்ட ஒரு பத்தி எழுதினால் போதும்.